எழுத்தின் ஓரம் எங்கே முடிகிறது

உயர்ந்து நிற்கும் எழுத்துக்கு வண்ணம் பூசுவது எளிது என்று சொல்பவர்களோடு எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. அதை என்னிடம் முதலில் சொன்னவர் என் மச்சான். மலேசியாவின் ஜொகூரில் கூலாய்ப் பக்கம் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டு, பழைய டட்சன் 620 பிக்கப் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே சிங்கப்பூரில் சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 ஆண்டுதான் என்பதால், 1970களில் வந்த ஒரு பிக்கப்பை ஓடும் நிலையில் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். வண்டி உடம்புக்கு நீலம் அடித்து முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது பின்கதவு. அதில் டட்சன் (DATSUN) என்று தகட்டிலேயே அழுத்தி எழுப்பிய ஆறு ஆங்கில எழுத்துகள். “எழுத்தை ஜப்பான்காரனே எழுதி வச்சிட்டான். மேல வெள்ளையைப் பூசினா முடிஞ்சது, அத்தான்” என்றார். நான் கப்பல் பட்டறையில் பெயின்ட் வேலையைச் சோதிக்கும் ஆள் என்பதால் கதவை என்னிடம் ஒப்படைத்தார். போர்வையில் சுற்றி காரில் வைத்து ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. எழுத்தை வேறொருவர் எழுதிவிட்டார், நாம் பூசினால் போதும் என்கிற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. பழைய வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் எடுக்கும் காணொளிகள் எல்லாமே அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. எழுத்தைச் சுற்றி டேப் ஒட்டு, ஓரத்தோடு கத்தியால் வெட்டு, ஸ்பிரே அடி, டேப்பை உரி. பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். கேமரா எழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கோடு கத்தி மாதிரி நிற்கும். ஆனால் அந்தக் கோடு ஏன் அங்கே இருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ ஏன் இல்லை என்று அவர்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த வேலையில் இருக்கும் ஒரே கேள்வி அதுதான்.

கப்பலில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. கப்பலின் பெயர், பதிவுத் துறைமுகத்தின் பெயர், நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று காட்டும் டிராஃப்ட் மார்க் எண்கள், இவற்றை வெறும் பெயின்டில் மட்டும் எழுதிவிட்டால் அடுத்த முறை கப்பல் தளத்துக்கு வந்து உடம்பெல்லாம் பிளாஸ்டிங் செய்யும்போது, அதாவது மணல் போன்ற துகளை வேகமாக அடித்துப் பழைய பெயின்டை உரிக்கும்போது, அழிந்துபோகும். அதனால் எழுத்தின் ஓரத்தை வெல்டிங் கோடாக இரும்பிலேயே போட்டுவிடுவார்கள். பழைய பெயின்ட் முழுக்கப் போய் வெறும் இரும்பு தெரியும்போதும் அந்த மேடு இருக்கும். புதிதாகப் பூச வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு பூசுவார். கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண் நிரந்தரமாகப் பொறிக்கப்பட வேண்டும் என்ற சோலாஸ் (பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம்) விதி 2004 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. எழுப்பிய எழுத்தாக இருக்கலாம், வெட்டிய எழுத்தாக இருக்கலாம், குத்துளியால் புள்ளிபோட்ட எழுத்தாக இருக்கலாம் என்று அந்த விதியே வகை சொல்கிறது. வெளிப்பக்கம் இருந்தால் உயரம் 200 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

டிராஃப்ட் மார்க் இன்னும் கறார். மெட்ரிக் முறையில் ஒவ்வோர் எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிவிளிம்புதான் அளவு. தண்ணீர் எண்ணின் பாதியில் நின்றால் 5 சென்டிமீட்டர் கூட்டிப் படிக்க வேண்டும். பூசுகிறவர் அடிவிளிம்பை இரும்புக் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் வழியவிட்டால் படிக்கிறவருக்கு அளவு மாறும். பெரிய சரக்குக் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ 60 டன்னுக்கு மேல் சரக்கு வேண்டியிருக்கும். ஒரு பிரஷ் மயிரின் தடுமாற்றத்துக்கு அங்கே எடை இருக்கிறது. அதனால் எங்கள் தளத்தில் எழுத்தின் ஓரம் எங்கே என்று யாரும் யோசிப்பதில்லை. இரும்பு சொல்லும் இடம்தான் ஓரம். இத்தனை ஆண்டு அப்படிப் பழகிய கண்ணோடுதான் டட்சனின் பின்கதவை வராண்டாவில் வைத்துப் பார்த்தேன். அங்கே இரும்பு எதுவும் சொல்லவில்லை.

மழுங்கிய ஓரம்

விரலால் தடவிப் பார்த்தால் புரியும். அழுத்தி எழுப்பிய எழுத்துக்குக் கூர்மையான ஓரம் இருப்பதில்லை. மெல்லிய தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தும்போது இரும்பு நீள வேண்டும். மூலை கூராக இருந்தால் அந்த இடத்தில் தகடு கிழிந்துவிடும். அதனால் அச்சு செய்கிறவர்கள் எல்லா விளிம்பையும் உருட்டித்தான் செய்வார்கள். எழுத்தின் தட்டையான முகம், அது வளையத் தொடங்கும் இடம், சரிந்து இறங்கும் பக்கம், கீழே மறுபடி வளைந்து கதவின் சமதளத்தோடு சேரும் இடம். இந்த நான்கும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன. எது ஓரம்? முகம் முடியும் இடமா, சரிவின் நடுவா, சரிவின் அடியா? மூன்றையும் சரி என்று வாதாடலாம். மூன்றுக்கும் எழுத்தின் தடிமன் வேறு வேறாக வரும்.

பெயின்ட் வேலை தெரிந்தவர்களுக்கு உருண்ட விளிம்பு நல்ல செய்தி. ஈரமான பெயின்ட் கூரான முனையில் நிற்காது. இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு முனையில் மெலிந்துவிடும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் பாலாஸ்ட் தொட்டிகளுக்கு வகுத்த பூச்சு விதிகளில் கூரான விளிம்புகளைக் குறைந்தது 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்ட வேண்டும் என்றும், விளிம்புகளுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் தனியாக ஸ்ட்ரைப் கோட், அதாவது அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் பூச்சு, கொடுக்க வேண்டும் என்றும் இருப்பது இதனால்தான். எழுத்தைச் சுற்றி டேப் ஒட்டிக் கத்தியால் வெட்டும் முறை எனக்குப் பிடிக்காமல் போவதற்கும் இதுவே முதல் காரணம். கத்தி டேப்போடு நிற்காது. கீழே இருக்கும் நீலப் பூச்சையும் கீறி, பல நேரம் பிரைமரையும் தாண்டி இரும்பைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல் எழுத்தின் வடிவத்திலேயே கதவைச் சுற்றி வரும். சில மழைக்காலம் கழித்துத் துரு அதே வடிவத்தில் எழுத்தை எழுதிக் காட்டும்.

மற்ற வழிகளையும் யோசித்தேன். எழுத்து வடிவில் வெட்டிய ஸ்டிக்கர் கிடைக்கிறது. சமதளத்துக்கு நல்லதுதான். உருண்ட விளிம்பில் நம் ஊர் வெயில் பட்டால் ஓரம் எழும்பிக்கொள்ளும், மழைநீர் உள்ளே புகும். கடினமான ரப்பர் ரோலரில் கொஞ்சமாகப் பெயின்ட் எடுத்து மேலே உருட்டினால் உயர்ந்த இடம் மட்டும் வெள்ளையாகும். புதுக் கதவுக்கு அது அழகான முறை. இந்தக் கதவு புதிதல்ல. ஐந்தாவது எழுத்தான யூவின் அடிப்பகுதி எப்போதோ எதிலோ மோதி உள்வாங்கி, தட்டி எடுக்கப்பட்டு, புட்டி வைத்துச் சமன் செய்யப்பட்டிருக்கிறது. கடைசி எழுத்தின் ஒரு கால் மற்றதைவிடத் தாழ்வு. ரோலர் அங்கெல்லாம் தாவிப் போய்விடும். ஸ்பிரே என்றால் வீட்டு வராண்டாவில் முடியாது. அக்கம்பக்கத்தார் மூச்சுவிட வேண்டும், நடைவழியில் 1.2 மீட்டர் இடமும் விட்டுவைக்க வேண்டும். ஆக, பிரஷ்தான் என்று முடிவாயிற்று. சைன்போர்டு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒன் ஷாட் எனாமல், அணில் மயிர் பிரஷ், கை தாங்க ஒரு குச்சி. ஓரம் எங்கே என்கிற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

நிமிர்த்தி வைத்துப் பார்த்தது

எங்கள் தளத்தில் கப்பல் பெயர் எழுதுகிற ஓர் அண்ணன் இருக்கிறார். நாமக்கல்காரர். சின்ன வயதில் அங்கே லாரி பாடி கட்டும் பட்டறையில் எழுத்து வேலை பார்த்தவர். லாரியின் பின்பக்கம் ‘ஒலி எழுப்புக’ எழுதி, தாமரைப் பூ வரைந்து, முதலாளியின் குலதெய்வத்தின் பெயருக்கு நிழல் கொடுத்துப் பழகிய கை. ஸ்டிக்கரும் பிளெக்ஸும் வந்து அந்த வேலை குறைந்தபோது கப்பல் பெயின்டராக இங்கே வந்தார். தளத்துக்குள் என்னை சார் என்பார், நான் அண்ணே என்பேன். வெளியே வந்தால் அவரும் தம்பிக்கு மாறிவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்தேன். உண்மையில் கதவைக் காட்டத்தான் கூப்பிட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

கதவை இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு மேல் படுக்கப் போட்டிருந்தேன். அவர் எழுத்தைத் தொடவே இல்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது வண்டியில படுத்துக்கிட்டா போகும்? நிமித்துங்க” என்றார். நிமிர்த்திச் சுவரில் சாய்த்தேன். அதுவும் அவருக்குப் போதவில்லை. வராண்டாவில் கூரை இருக்கிறது, வெளிச்சம் ஒரு பக்கமாக வருகிறது, இங்கே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கதவைத் தள்ளுவண்டியில் ஏற்றி லிஃப்டில் இறக்கி, பக்கத்துப் பலமாடி கார் நிறுத்தத்தின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். உச்சி வெயில். அங்கே நின்றிருந்த ஒரு சின்ன லாரியின் பின்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தன் தொடையில் கை வைத்து அளந்துகொண்டார். அந்த உயரத்துக்கு வரும்படி கதவைத் தள்ளுவண்டியின் மேல் நிறுத்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு பின்னாலேயே நடந்து போய், ஒரு கார் நீளம், இரண்டு கார் நீளம் தள்ளி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து பார்த்தார்.

ஏன் உட்கார வேண்டும் என்று கேட்டேன். காரில் வருகிறவரின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கும் என்றார். எப்படி அவ்வளவு உறுதியாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். தங்குவிடுதியிலிருந்து தளத்துக்கு வருடக்கணக்காக லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் போய்வருகிறார். முகம் பின்பக்கம். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் வந்து நிற்கும் காரின் கண்ணாடிக்குள் இருக்கும் முகங்களைத் தினமும் பார்க்கிறார். “அவங்க எங்களப் பாக்க மாட்டாங்க தம்பி. பலகையில எழுதியிருக்கறதத்தான் படிச்சுக்கிட்டு இருப்பாங்க. வேற என்ன செய்வாங்க? அந்தக் கண்ணு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.” குறையாகச் சொல்லவில்லை, அளவு சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்குத்தான் சட்டென்று பதில் வரவில்லை. கப்பல் எழுத்தை யாருக்காக எழுதுகிறோம் என்பது எனக்குத் தெரியும்: படகில் வந்து டிராஃப்ட் படிக்கும் சர்வேயருக்கு, தூரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்க்கும் துறைமுக பைலட்டுக்கு. வண்டியின் பின்கதவு எழுத்தைப் பின்னால் வருகிறவர் படிக்கிறார் என்பது அதைவிட எளிய விஷயம். அத்தனை நாளும் என் கண் எழுத்துக்கு ஒரு சாண் தூரத்திலேயே இருந்தது.

என்னைப் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கதவை அவர் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து பார்த்தபோது பூச்சே இல்லாத அந்த நீலக் கதவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் நிற்கும். நிமிர்ந்து நிற்கும் கதவின் மேல் வெளிச்சம் மேலிருந்து வழிந்து இறங்குகிறது. ஒவ்வொரு கோட்டின் மேல்சரிவும் வானத்தைப் பார்க்கிறது. அது வெளிர் நீலமாக மின்னியது. கீழ்ச்சரிவு தரையைப் பார்க்கிறது. அது கறுப்புக் கோடாகத் தெரிந்தது. நாமக்கல் பட்டறையில் அண்ணன் கையால் போட்டுக்கொடுத்த நிழலை இந்தக் கதவில் இரும்பே போட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்ததும் என் கேள்விக்கு விடை பாதி வந்துவிட்டது. மீதியை அவர் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.

அவர் போட்ட கோடு எழுத்தைச் சுற்றி ஒரே அளவில் போகவில்லை. எழுத்துக் கோட்டின் மேல்விளிம்பில் முகத்தைத் தாண்டி, வளைவையும் தாண்டி, சரிவுக்குள் கொஞ்சம் ஏறியது. கீழ்விளிம்பில் வளைவு தொடங்கும் முன்பே நின்றுவிட்டது. காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேல்சரிவு நீலமாகவே இருந்தால் வெயிலில் வெளுத்துத் தெரியும். வெள்ளை முகத்துக்கும் வெளிர் நீலத்துக்கும் நடுவே விளிம்பு மங்கிப்போகும். அதையும் வெள்ளையாக்கினால் வெள்ளை நேராகக் கதவின் நீலத்தில் போய் முட்டும். கீழே நேர்மாறு. கீழ்ச்சரிவுக்கு வெள்ளை பூசினால் அது நிழலில் சாம்பல் நிறமாகத் தெரியும். இரும்பு தானாகத் தருகிற கறுப்புக் கோட்டை நாமே அழித்ததாகும். எழுத்து தடித்து, ஓரம் கலங்கி, தூரத்திலிருந்து அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும். செங்குத்துக் கோடுகளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு.

ஆக, அச்சு எழுதி வைத்துவிட்டது என்பது பாதி உண்மைதான். அச்சு மேட்டையும் பள்ளத்தையும் கொடுத்திருக்கிறது. அதில் எங்கே எழுத்து முடிகிறது என்பதைப் பூசுகிறவர்தான் எழுத வேண்டும். அதற்கு அவர் வெயில் எங்கிருந்து வருகிறது என்றும் படிக்கிறவர் எங்கே இருக்கிறார் என்றும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். டேப் ஒட்டிச் செய்கிற முறை இந்த முடிவை எடுக்கவே விடுவதில்லை. டேப் எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில்தான் ஒட்டிக்கொள்ளும்.

வேலை நடந்த விதம்

தளத்தில் செய்வதை வீட்டிலும் செய்தேன். இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இங்கே விடிகாலையில் பிரஷைத் தொடுவதில் பயனில்லை. இரும்பு குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் இருக்கும். காலை முற்றி வெயில் ஏறியபின் தொடங்கி, பிற்பகல் மழை கூடுவதற்குள் முடித்துவிட வேண்டும். எழுத்தின் முகத்தைச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நாரால் மங்கலாகும்வரை தேய்த்தேன். எனாமல் பிடிக்க அந்தச் சொரசொரப்பு வேண்டும். சரிவில் வெள்ளை ஏறப்போகும் இடத்தை மட்டும் மடித்த துண்டால் தேய்த்தேன். கதவின் நீலத்தில் கீறல் விழக் கூடாது. பிறகு மெழுகும் கிரீஸும் போகத் துடைத்தேன். அதன் பிறகு வெறும் விரலால் தொடக் கூடாது. நம் விரலின் எண்ணெயே போதும், பெயின்ட் அங்கே விலகிக்கொள்ளும்.

முதலில் ஓரம், பிறகு நடு. ஸ்ட்ரைப் கோட் பழக்கம்தான். மேல்விளிம்புகளை எல்லாம் ஒரே போக்கில் இழுத்தேன், கீழ்விளிம்புகளைத் தனியாக. முதல் எழுத்தான டியின் வயிற்றுக்குள் இருக்கும் துளையில்தான் முதல் சிக்கல். அங்கே மேலும் கீழும் இடம் மாறிவிடும். துளையின் கீழ்ப்பக்கம் என்பது அடிக்கோட்டின் மேல்விளிம்பு; அது வானத்தைப் பார்க்கிறது, சரிவுக்குள் ஏற வேண்டும். துளையின் மேல்பக்கம் தரையைப் பார்க்கிறது, முகத்திலேயே நிற்க வேண்டும். எழுத்தை ஒரு வடிவமாகப் பார்த்தால் குழப்பம்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் எது மேல், எது கீழ் என்று பார்த்துக்கொண்டே போனால் தவறாது. இரண்டாவது எழுத்தான ஏயின் முக்கோணத் துளையிலும் அதே கதை. சாய்ந்த கால்களில் மட்டும் மேல்கீழ் வித்தியாசத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

எஸ்தான் உண்மையான சோதனை. அதில் நேர்க்கோடே இல்லை. மேல்விளிம்பாக இருப்பது வளைந்து வளைந்து பக்கவிளிம்பாகி, பிறகு கீழ்விளிம்பாக மாறுகிறது. சரிவுக்குள் ஏறியிருக்கும் வெள்ளை மெல்ல மெல்லப் பின்வாங்கி, சொல்லாமல் கொள்ளாமல் முகத்துக்கு வந்து சேர வேண்டும். எந்த இடத்தில் மாறியது என்று யாரும் விரல் வைத்துக் காட்டக் கூடாது. இதற்கு சாக்பீஸ் கோடு உதவாது. பிரஷைத் தூக்காமல், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் காம்பை உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். உருட்டும் வேகத்தில்தான் வளைவு இருக்கிறது. அண்ணன் ஒரு பழைய தகட்டில் இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு, கதவைத் தான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மச்சானுக்குக் கொடுத்த வாக்கு உங்களுடையது என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. எஸ்ஸை எழுதிய நேரத்தில் வேறு எதையும் நான் நினைக்கவில்லை. வேலையில் அப்படி ஒரு நேரம் கிடைப்பது அரிது. நான் பெரும்பாலும் மற்றவர்கள் பூசியதை மானி வைத்து மைக்ரானில் அளந்து, தாளில் குறிக்கிறவன்.

யூவின் அடியில் புட்டி வைத்துச் சமன் செய்த இடத்தில் மேடு குறைவு. வளைவே கிட்டத்தட்ட இல்லை. அங்கே பிடித்துக்கொள்ள இரும்பு கிடையாது. மற்ற எழுத்துகளில் கோட்டின் தடிமன் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்து, அதே தடிமனுக்கு வெறும் கண்ணால் எழுதினேன். நிழல் அங்கே தானாக விழாது என்பதால், நீலத்தோடு ஒரு துளி கறுப்புக் கலந்து அடியில் மெல்லிய கோடு ஒன்றும் கொடுத்தேன். இது கூடாது என்பவர்கள் இருப்பார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது அப்படி ஒரு கோடு இல்லையே என்பார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது அந்த யூ யாரிடமும் அடிவாங்கியிருக்கவும் இல்லை. அடிபட்ட எழுத்தை மற்ற ஐந்தோடு சேர்த்துப் படிக்கவைப்பது பூசுகிறவரின் கடமை என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக ஒரு கோடு கூடுதலாகப் போனால் போகட்டும்.

டட்சன் என்ற பெயரையே நிசான் 1980களில் கைவிட்டது. பிறகு 2014இல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த சின்னக் கார்களுக்கு அதை மறுபடி வைத்து, 2022இல் மறுபடியும் நிறுத்திவிட்டது. 620 மாடல் 1972 முதல் 1979 வரை வந்தது. இந்த விவரங்களை எல்லாம் மச்சான்தான் ஆசையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெயரின் மேல் தனிப்பற்று இல்லை. அது வேறு எந்தப் பெயராக இருந்திருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் ஒரு நிறுவனம் இரண்டு முறை விட்டுவிட்ட பெயரை ஒரு மனிதர் கூலாயில் கொட்டகை போட்டுக் காப்பாற்றுகிறார் என்றால், அவருக்காக அதை ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றியது.

கதவைத் திரும்பக் கொண்டுபோனபோது மச்சான் முதலில் கிட்ட வந்து, குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது. “என்ன அத்தான், மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவா இருக்கு?” கிட்ட இருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எதையும் விளக்காமல் கதவை வண்டியில் மாட்டச் சொன்னேன். மாட்டியதும் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டுபோய் அங்கிருந்து திரும்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தார். தூரத்திலிருந்து நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வண்டிக் கண்காட்சியில் எல்லாரும் கிட்ட வந்துதான் பார்ப்பார்கள், கைப்பேசியை எழுத்தின் மேலேயே வைத்துப் படம் எடுப்பார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நிறுத்தி வைத்துக் காட்டும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் எழுத்தின் ஓரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை. இந்த வண்டி ஓடுமா, நிற்குமா என்று திருப்பிக் கேட்டேன். ஓடும் என்றார். சரி, அப்போது இது இப்படியே இருக்கட்டும் என்றேன். முழுவதும் மனம் ஒப்பினாரா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். இந்த விஷயத்தில் நாங்கள் இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.

எனாமல் முழுதாக இறுக வாரங்கள் ஆகும். அதுவரை கதவின் மேல் பாலிஷ், மெழுகு எதுவும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மேலே நிறமில்லாத காப்புப் பூச்சான கிளியர் கோட் அடிக்கவில்லை. வெயிலில் வெள்ளை மெல்லப் பொடியும், அப்போது அதே பிரஷோடு போய் மறுபடி எழுதிக்கொள்ளலாம். கிளியர் அடித்திருந்தால் முதலில் அதைச் சுரண்ட வேண்டியிருக்கும். அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். கைப்பேசியைக் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, எஸ்ஸின் நடு வளைவு மட்டும் ஒரு மயிரிழை தடித்திருக்கிறது என்றார். எனக்கும் தெரியும், அடுத்த முறை குறைத்துவிடலாம்.

இப்போது மச்சானின் நண்பர் ஒருவர் தன் பழைய டொயோட்டா ஹைலக்ஸின் பின்கதவைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். டொயோட்டா (TOYOTA) என்ற பெயரில் இரண்டு ஓ இருக்கிறது. வெளிவட்டம், உள்வட்டம் என்று இரண்டு முறை அந்த மேல்கீழ் மாற்றத்தைச் செய்தாக வேண்டும். செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் கதவை அனுப்பும் முன் அந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று கேட்டுச் சொல்லும்படி மச்சானிடம் சொன்னேன். பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துக்குள்தான் என்றால் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கீழ்ச்சரிவில் இவ்வளவு கறுப்பு விழாது. அந்த எழுத்துக்கு வேறு கணக்குப் போட வேண்டியிருக்கும்.